காரைக்குடிக்கு வந்த இலையுதிர் காலம்

பள்ளியின் ஆண்டு மலருக்கு நான் கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "உங்க அனுபவத்துல இருந்து, புது ஆசிரியர்களுக்கு ஊக்கம் தர்ற மாதிரி நாலு வார்த்தை சார்" என்று, என் இடத்துக்கு வந்திருக்கும் ஓவிய ஆசிரியை போனில் கேட்டார். நல்ல பெண். இந்த வருஷத்து இலையுதிர் கால விழாவுக்கு ஆன்லைனில் துணி இலைச் சரங்கள் வரவழைத்துவிட்டார்களாம். பெட்டியைப் பிரித்து ஆணியில் மாட்டினால் வேலை முடிந்தது. "நீங்கல்லாம் ஒவ்வொரு இலைக்கும் கையால பெயின்ட் அடிப்பீங்களாமே, நெஜமாவா?" என்றும் கேட்டார்.

நிஜம்தான் அம்மா. சரம் வாங்கியது மிக நல்ல காரியம். அதை முன்பே செய்திருந்தால் என் கழுத்தெலும்பு தேய்ந்திருக்காது. ஆகவே இதை யாரும் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்ற புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலம் மாதிரி வரவே வேண்டாம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இலை முதலில் பச்சையாக இருக்கும். அப்புறம் ஆட்டுக்குள் இருக்கும். நடுவில் சிவப்பாக மாறுவதற்கு அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. மேல்நாட்டில் இலை உதிர்கிற அதே மாதத்தில் இங்கே ஐப்பசி மழை பிடித்து, செத்துப்போனதென்று நாங்கள் முடிவுகட்டிய வேலிச்செடிகூடத் துளிர்த்து நிற்கும். அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் நாங்கள் இலையுதிர் கால விழா கொண்டாடினோம். சில வருஷம் குடை பிடித்துக்கொண்டும் கொண்டாடியதுண்டு.

நான் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவன். மனித உடம்பின் எலும்பு, தசை, துணியின் மடிப்பு, வெயில் விழும் கோணம் என்று எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்து கடைப் பலகை எழுதினேன். கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை பெண் பெயரைத் தெர்மோகோலில் வெட்டி ஒட்டினேன். அரியக்குடிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நான் எழுதிய கஜலட்சுமியில் யானை யானை மாதிரியே இருப்பதாக நாலு பேர் சொன்னார்கள். அந்தப் பேரை வைத்துப் பள்ளியில் ஓவிய மாஸ்டர் வேலை கிடைத்தது. இலையைப் பற்றி எங்கேயும் எனக்குப் பாடம் நடக்கவில்லை.

இலையுதிர் காலத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த பெருமை எங்கள் தாளாளரையே சேரும். அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனவர், போன் நிறைய மரங்களோடு திரும்பி வந்தார். எல்லாம் சிவப்பு, மஞ்சள், செம்பழுப்பு. ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் போனை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தவர்கள் எல்லோரும், புதுக் குழந்தையைப் பார்த்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தோம். "நம்ம பிள்ளைகளுக்கும் நாலு பருவமும் தெரிய வேணாமா?" என்றார். நம் பிள்ளைகளுக்கு வெயில், கொடும் வெயில், மழை, மழை வராத மழைக்காலம் என்று நாலு பருவம் ஏற்கனவே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டதால்தான் ஓய்வு பெறும் வரை அந்தப் பள்ளியில் இருந்தேன்.

தாளாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு சின்னத் துண்டு. சத்தம் போடுகிற வழக்கமே கிடையாது. சத்தம் போடுகிறவர்களிடம் பதிலுக்குக் கத்தியாவது ஆற்றிக்கொள்ளலாம். இவரிடம் அதுவும் முடியாது. இவருடைய ஆயுதம் 'நல்லது' என்ற ஒரே ஒரு சொல். ஒரு தடவை 'நல்லது' என்றால் பேச்சு முடிந்தது, எழுந்து போகலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டின் நுனியால் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை 'நல்லது' என்றால் வேலையே முடிந்தது, மறுநாள் வர வேண்டாம். ஒரு வேன் டிரைவர், இரண்டு கணக்கு வாத்தியார்கள், ஒரு யோகா மாஸ்டர் என்று பலர் அந்த இரண்டாவது 'நல்லது' கேட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். யோகா மாஸ்டர் மூச்சை இழுத்து விட்டபடியே போனார்.

காலையில் காரை விட்டு இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, வாசலிலிருந்து அலுவலகம் வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது. வாசல் ஓரம் ஒரு வாதாமரம், அதாவது நாட்டுப் பாதாம். எப்போதும் ஒரு இலையாவது விழுந்து கிடக்கும். அதைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, கூட்டுகிற பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, "இது என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்பார். "இலைங்கய்யா" என்பார் பஞ்சவர்ணம். "இது இங்க கிடக்கலாமா?" "கிடக்கக் கூடாதுங்கய்யா." "நல்லது." வருஷக்கணக்காக இந்தப் பாடம் தினமும் நடந்தது. பள்ளியிலேயே ஒழுங்காக நடந்த பாடம் அதுதான் என்று நான் நினைப்பதுண்டு.

அந்த வாதாமரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன் இலை விழுவதற்கு முன்னால் தானாகவே நல்ல சிவப்பாகப் பழுக்கும். விழாவுக்கு அந்த இலைகளையே எடுத்துக்கொள்ளலாமே என்று தாளாளரிடம் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஊரு இலைன்னு பாத்தாலே தெரிஞ்சுருமே மாஸ்டர்" என்றார். அவருக்கு வேண்டியது ஐந்து விரல் விரித்த மேப்பிள் இலை. அது அவர் போனில் மட்டும்தான் இருந்தது.

முதல் வருஷம் சார்ட் அட்டையில் வெட்டினோம். மழை ஈரத்தில் அத்தனையும் சுருண்டு அப்பளக் கூடை மாதிரி ஆகிவிட்டது. "உசுரில்லையே" என்றார் தாளாளர். உயிருள்ள இலைக்காக நான் ஊரெல்லாம் அலைந்தேன். பப்பாளி இலை கிட்டத்தட்ட மேப்பிள் மாதிரிதான், காய்ந்தால் கையோடு நொறுங்கும். ஆமணக்கு இலைக்கு விரல் அதிகம். அரசிலை நன்றாக வர்ணம் பிடிக்கும், ஆனால் சாமி மரத்து இலைக்கா பெயின்ட் அடிக்கிறீர்கள் என்று பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். கடைசியில் தேக்கு இலையில் வந்து நின்றேன். அகலமானது, தடிமனானது, எந்தச் சாமிக்கும் ஆட்சேபணை இல்லை.

கையால் பெயின்ட் அடிப்பதைப் பற்றிக் கேட்டாயே அம்மா, செய்முறை இதோ. பனி காய்ந்த பிறகு முற்றிய தேக்கிலையாகப் பறிக்க வேண்டும். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே அடுக்கி மேலே கனம் ஏற்ற வேண்டும். எங்கள் நூலகத்தில் ஒரு ஆங்கிலக் கலைக்களஞ்சியம் வரிசையாக இருந்தது. அது வாங்கிய நாளிலிருந்து பயன்பட்டது இந்த ஒரு காரியத்துக்குத்தான். தினமும் தாளை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் பூசணம் பூக்கும். முழுதாகக் காய விடாமல், பாதி வாட்டத்தில் எடுத்து, தகரத்தில் வெட்டி வைத்த மேப்பிள் அச்சை மேலே வைத்துக் கத்தரிக்க வேண்டும். அதாவது உள்ளூர் இலைக்குள்ளிருந்து ஒரு வெளிநாட்டு இலையை வெட்டி எடுக்கிறோம். தேக்குக்கு நரம்பு புடைப்பாக இருக்கும், மேப்பிளுக்கு அது பொருந்தாது. அதனால் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு, அதன்மேல் கனமாக வெள்ளை வர்ணம் ஒரு பூச்சு கொடுத்து, இலையின் சொந்த நரம்பை மறைத்துவிட வேண்டும். பிறகு நடுவிலிருந்து மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு, ஓரத்தில் பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சிவப்பு. எல்லாம் காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் அதற்கு இல்லாத நரம்புகளை வரைய வேண்டும். கடைசியில் வார்னிஷ். ஒரு இலையை மறைத்து அதன் மேலேயே வேறொரு இலையை எழுதுகிற இந்த வேலையை நான் இத்தனை வருஷம் செய்ததால், கல்வித் துறையில் எனக்கு நல்ல அனுபவம் இருப்பதாகத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இலைகளைக் கோத்து அரங்கத்துக்குள் சுவரில் தொங்கவிடுவோம். விழா முடிந்ததும் கழற்றிவிடுவோம். இப்படி யாருக்கும் பெரிய கெடுதல் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் சிறப்பு விருந்தினராக ஒரு டாக்டர் வருவதாக முடிவானது. கீழச்சிவல்பட்டிக்காரர். வாழ்நாளில் பெரும்பகுதி அமெரிக்காவில் கழித்துவிட்டு, வயதான பிறகு ஊரோடு வந்திருந்தார். அசல் இலையுதிர் காலத்தைக் கண்ணால் பார்த்தவர் நம் விழாவைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது தாளாளரின் ஆசை.

"இலை சுவத்துலயா இருக்கும் மாஸ்டர்? அங்கெல்லாம் தரையிலல்ல கிடக்கும்? கேட்டுலருந்து மேடை வரைக்கும் வழி நெடுக விரிச்சுருங்க. அவுக நடந்து வாரப்ப கம்பளத்துல நடந்து வார மாதிரி இருக்கணும்" என்றார்.

அந்த வருஷம் வரலாறு, அறிவியல், தமிழ் எல்லாப் பாடத்து ஆசிரியர்களும் மாடியில் ஓவிய அறையில் உட்கார்ந்து இலை எழுதினார்கள். சாக்குச் சாக்காகச் சேர்ந்தது. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு, நாங்களே குனிந்து குனிந்து வழியெல்லாம் பரப்பினோம். மழையும் வரவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆடு வந்து மேய்ந்துவிடப் போகிறதென்று காவலாளியை விடிய விடிய உட்கார வைத்தோம். இலைக்கு ஆபத்து என்றால் அது ஆடுதான் என்பது எங்கள் எல்லோருடைய கணிப்பு. விழா பற்றிய சுற்றறிக்கை வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் போனது. அந்தக் குழுவில் பஞ்சவர்ணம் கிடையாது. கூட்டுகிறவருக்கு எதற்கு ஆங்கிலச் சுற்றறிக்கை என்று யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கிற அளவுக்கு அவர் யாருக்கும் நினைவிலும் இல்லை.

மறுநாள் காலை நான் சீக்கிரமே போனேன். வழியில் ஒரு இலை இல்லை. கேட்டிலிருந்து மேடை வரை தண்ணீர் தெளித்து, பளிச்சென்று கூட்டியிருந்தது. நடுவில் செம்மண் கட்டி ஒரு பெரிய கோலம். கோலத்தின் நான்கு பக்கத்திலும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழ மூடிகள். பள்ளிக்குப் பின்னால் புகை வந்தது. அந்தப் புகையில் வார்னிஷ் வாடை அடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பஞ்சவர்ணம் நெருப்பின் பக்கத்தில் நின்று கல் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அது படபடவென்று வெடித்தது. தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு இருந்தார்.

"அங்குட்டே நில்லுங்க சார், கிட்ட வராதீக" என்றார். "பள்ளிக்கூடத்துக்கு எவனோ செய்வினை வச்சுட்டான்."

"என்னம்மா சொல்ற?"

"வழி நெடுகக் கொட்டிப் போட்டுருக்கான் சார். மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பி இலை. அதுவும் நம்ம பக்கத்து இலையே இல்ல, கோழிக் காலு மாதிரி வெட்டி வச்சிருக்கு. நான் வாரப்ப வாச்மேன் டீக்கடைக்குப் போய்ட்டாரு. கொஞ்ச நேரத்துல புள்ளைக வந்துருமே. மிதிச்சுப்புட்டா என்னாகுறது? கையால தொட்டவுகளையும் பிடிக்கும்பாக. சரி, வந்தா எனக்கு வரட்டும்னு சாமியக் கும்பிட்டுட்டு அள்ளிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது நாங்க போட்டது பஞ்சவர்ணம்" என்றேன்.

"நீங்களா? எதுக்கு?"

"அழகுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார். "வழியில இலை கிடந்தா அழகா சார்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அந்தப் பள்ளியில் அவருக்குத் தினமும் நடந்த ஒரே பாடத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறகு விஷயம் விளங்கி அவர் முகம் வெளுத்தது. "ஐயா என்ன செய்வாக சார்? ஹரிணி படிப்பு?" என்றார்.

ஹரிணி அவர் மகள். எங்கள் பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். ஊழியர் பிள்ளைகளுக்குச் சலுகையில் இடம் உண்டு. ஊழியர் போனால் பிள்ளையும் போக வேண்டும், இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். வேலை நேரத்தில் தன்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று பஞ்சவர்ணம் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அவள் யார் மகள் என்று மாணவர்களில் பலருக்குத் தெரியாது. அன்றைக்கு மேடையில் ஆங்கிலத்தில் நிகழ்ச்சியைத் தொகுத்துச் சொல்லும் பொறுப்பு அவளுக்கு. தலையில் அட்டை இலைக் கிரீடம் வைத்துக்கொண்டு, உள்ளே ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளாளரின் கார் வந்தது. நாங்கள் இருவரும் வாசலுக்கு ஓடினோம். இறங்கினார், வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். பல வருஷமாக ஒரு இலை கிடந்தால் நின்றவர், அன்று ஒரு இலைகூட இல்லாததால் நின்றார். "இலை எங்க மாஸ்டர்?"

நான் பதில் சொல்வதற்குள் புகையைப் பார்த்தார். விளக்குமாற்றோடு நின்ற பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். "கூட்டிட்டியாம்மா?" என்றார், மிக மெதுவாக. பஞ்சவர்ணம் தலையை ஆட்டினார். "நல்லது" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். துண்டின் நுனியைத் தேடினார்.

"நாந்தான் எடுக்கச் சொன்னேன் ஐயா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பனியில சாயம் கசிஞ்சு தரையில ஒட்டிக்கிருச்சு. டாக்டர் வேட்டியில ஒட்டிக்கிட்டா அசிங்கமாயிரும்னு நான்தான் அள்ளச் சொல்லி எரிக்கச் சொன்னேன். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

கண்ணாடி அவர் கையிலேயே இருந்தது. "நீங்களா? என்னக் கேக்காமயா?" என்றார். அதற்குள் கேட்டில் டாக்டரின் கார் வந்து நின்றது. "விழா முடியட்டும். பேசுவோம்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தையும் மாற்றிக்கொண்டு முன்னால் போனார். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கியிருந்த எனக்கு அந்த இரண்டாவது 'நல்லது' பெரிய நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவு வேறு. அந்த நிறைவோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

டாக்டர் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். பெரிய உருவம், கையில் தடி. எல்லோரும் உட்கார்ந்ததும் ஹரிணி மைக் முன்னால் வந்தாள். ஆங்கில ஆசிரியை எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். 'இதோ, இயற்கை தன் கைகளால் உங்கள் காலடியில் விரித்திருக்கும் பொன்னிறக் கம்பளத்தைப் பாருங்கள்' என்ற இடம் வந்தது. முன்வரிசை மொத்தமும் குனிந்து பார்த்தது. சுத்தமான சிமெண்டுத் தரை. டாக்டர் தன் கால் ஒவ்வொன்றையும் தூக்கி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். தாளாளர் என்னைப் பார்த்தார். நான் இயற்கையைப் பார்த்தேன்.

பிறகு டாக்டர் பேச எழுந்தார். "கம்பளத்தக் காணமேன்னு பாக்குறீக. நல்ல வேளை, காணம்" என்று ஆரம்பித்தார். "அங்க வருஷா வருஷம் இதே மாசம் வீட்டச் சுத்தி இலை கொட்டும். படத்துல பாக்க நல்லாருக்கும். கூட்டுறவனுக்குல்ல தெரியும்! நனைஞ்சு வழுக்கி ஒருக்க நான் இடுப்ப ஒடிச்சுக்கிட்டேன், இந்தத் தடி அதுல வந்ததுதான். வாழ்க்கையில பாதி நான் வைத்தியம் பாத்தேன், பாதி இலை கூட்டுனேன். இலை விழுகாத ஊருக்குப் போயிரணும்னுதான் இங்க வந்தேன். இந்த வாசலப் பாத்ததும் மனசு நெறஞ்சுபோச்சு. இத இப்படி வைக்கணும்னு நெனச்சது ஆருங்க? அவுகளுக்கு நான் ஒரு கும்பிடு போடணும்."

தாளாளர் எங்கள் பள்ளியைத் தனியாளாக நடத்தியவர். சும்மாவா? ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எழுந்தார். தூய்மைதான் தம் பள்ளியின் முதல் பாடம் என்றார். தம் எண்ணத்தைச் செயலாக்கியவர் ஓவிய மாஸ்டர் என்றார். டாக்டர் கையாலேயே எனக்குப் பொன்னாடை போர்த்த வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கும்பிட்டுக்கொண்டு போர்த்திக்கொண்டேன். அந்த இலைகளை அள்ளச் சொன்னது நான் இல்லை என்று தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன். இன்னொருவர் பஞ்சவர்ணம்.

பிள்ளைகளின் நடனம் தொடங்கியதும் நான் மேடையை விட்டு இறங்கிப் பின்பக்கம் போனேன். வேலை தப்பித்தது என்ற நல்ல செய்தியைச் சொல்லி, நன்றியையும் வாங்கிக்கொண்டு வரலாம் என்று. பஞ்சவர்ணம் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இனிமே ஒண்ணும் ஆகாது பஞ்சவர்ணம். பயப்படாதே" என்றேன்.

"இருக்கட்டும் சார்."

"என்ன இப்படிச் சொல்ற?"

விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, புகையால் மட்டுமில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீக சார். நான் இல்லேங்கல. மகளுக்காக நானும் வாய மூடிக்கிட்டு நின்னேன். ஆனா இப்பத்தான் ஹரிணி தண்ணி குடிக்க வந்துச்சு. 'ஏம்மா, சார் சொல்லித்தான் கூட்டுனியா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த இலைய அள்ளுறப்ப நான் எப்படிப் பயந்தேன்னு எனக்குத்தான் தெரியும். அம்புட்டுப் புள்ளைகளுக்கு வாரத நான் வாங்கிக்கிறேன்னு அள்ளுனேன். பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சார், அள்ளுறப்ப எனக்கு அது நெசந்தானே? அத என் மககிட்டகூடச் சொல்ல முடியாமப் பண்ணிட்டீகளே."

கழுத்தில் அந்தப் பொன்னாடை உறுத்தியது. சரிகைத் துணி உறுத்தத்தான் செய்யும் என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. எத்தனையோ தேக்கிலையின் நரம்பை நான் வெள்ளையடித்து மறைத்திருக்கிறேன். ஒரு மனுஷிக்கு அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

நன்றியுரை எப்போதும் என் தலையில்தான் விழும். கூட்டம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற நேரத்தில் பேசுவதற்குத்தான் பள்ளிகளில் ஓவிய மாஸ்டர்களை வைத்திருக்கிறார்கள். மைக்கைப் பிடித்தேன். தாளாளருக்கும் டாக்டருக்கும் நன்றி சொன்னேன். பிறகு, "அந்த வழியைக் கூட்டச் சொன்னது நான் இல்லை. யாரும் சொல்லவில்லை" என்றேன். எழுந்தவர்கள் நின்றார்கள். நாங்கள் பரப்பியதையும், பஞ்சவர்ணம் அதைச் செய்வினை என்று நினைத்ததையும், உப்பு போட்டு எரித்ததையும் அப்படியே சொன்னேன். செய்வினை என்றதும் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. ஆசிரியர்கள் சிரித்தார்கள், பெற்றோர்கள் சிரித்தார்கள். தாளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்து, தொட்டவர்களைப் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டே, பிள்ளைகள் மிதித்துவிடக் கூடாதென்று அவர் தன் கையால் அள்ளியதையும் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. தடியை ஊன்றி எழுந்தார். "நமக்கு வந்துரும்னு தெரிஞ்சேவா தொட்டாக?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். தாளாளர் பக்கம் திரும்பினார். "இப்படி ஒரு ஆளு எந்த ஆசுபத்திரியிலயும் எனக்குக் கிடைக்கல. விட்டுறாதீக."

"விடுவமா?" என்றார் தாளாளர், துடைத்த கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டு.

"ஆரு அவுக? எங்க இருக்காக?" என்று டாக்டர் கேட்டார்.

தாளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்து மைக்கில் குரல் கேட்டது. ஹரிணி, அடுத்துத் தேசிய கீதம் என்று ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டியவள், எழுதிக் கொடுத்த தாளை மடக்கிவிட்டு, எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாள்.

"எங்கம்மா. அந்தா, அங்குட்டு நிக்கிறாக."

மொத்தக் கூட்டமும் திரும்பியது. கடைசி வரிசைக்குப் பின்னால் வந்து நின்ற பஞ்சவர்ணம் அந்த விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். நீளக் கம்பு கட்டிய விளக்குமாறு, அவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.